உள் மரையும் அடுத்தவர் டோக்கனும்

"டூல் யாரு மாடித்து?"

பெங்களூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்‌ஷன்காரர் கன்னடத்தில் கேட்டார். இந்த டூலைச் செய்தது யார் என்று.

லேத்தை அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். பீஸைக் கவ்விப் பிடிக்கிற சக் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கன்மெட்டல் என்கிற வெண்கலத்தின் தூள் என் முன்கையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. டூல் போஸ்டில் போரிங் பார், ஓட்டைக்குள் நுழைகிற தடிக்கம்பி. அதன் நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டுகிற பிட். அதைத்தான் பேனாவால் காட்டினார்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவர் என்னைக் கேட்கவில்லை. என் கொழுந்தனார் குணாவைப் பார்த்துக் கேட்டார்.

குணா பேன்ட்டைக் கொஞ்சம் மேலே இழுத்து விட்டுக்கொண்டு கன்னடத்திலேயே பதில் சொன்னார்.

"நானே சார். செட்டிங் எல்லாம் நான்தான். அண்ணி ஹேண்டில் சுத்துவாங்க."

இன்ஸ்பெக்‌ஷன்காரர் தலையாட்டினார். அட்டையில் செருகியிருந்த தாளில் எழுத ஆரம்பித்தார்.

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அதற்கு முன்னால் சில விஷயம் சொல்லணும். சொல்லாவிட்டால் நான் செய்தது திமிர் மாதிரி தெரியும். திமிர்தான். ஆனால் காரணம் இருக்கிறது.

கண் போகாத இடம்

லேத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி.

போல்ட்டின் மேலே சுற்றிச் சுற்றி ஓடுவது வெளி மரை. நட்டுக்குள் ஓடுவது உள் மரை. வெளி மரை போடும்போது டூல் கண்ணுக்கு எதிரே இருக்கும். தப்பு வந்தால் தெரியும். கையை இழுத்துக்கொள்ளலாம்.

உள் மரை அப்படி இல்லை. பார் ஓட்டைக்குள் போனதும் கண் வெளியே நின்றுவிடும். பிறகு காதுதான். கைப்பிடியில் வரும் அதிர்வுதான்.

போன வாரம் சாணைக்கல்லைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருந்தார். கடையில் மரை வெட்டுகிற டேப் விற்கிறதே, அதை விட்டுத் திருகினால் உள் மரை வந்துவிடுமே, இதற்கு எதற்கு டூல் என்று கேட்டிருந்தார்.

வரும் சார். சின்ன ஓட்டைக்கு வரும். இரண்டு பக்கமும் திறந்த ஓட்டைக்கு வரும். கடையில் இருக்கிற அளவுக்கு வரும்.

எனக்கு வந்த வேலை ஒரு பழைய பம்ப்பின் மூடி. வெள்ளைக்காரன் காலத்து பம்ப். அதை இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடி கிண்ணம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அடைப்பு. ஒண்ணே கால் இஞ்சு அளவு, இஞ்சுக்கு ஏழு மரை. மரை அடிவரைக்கும் முழுசாகப் போகணும். டேப்பின் மூக்கு கூராக இருக்கும். அது அடியில் முட்டி நின்றுவிட்டால் கடைசி மூன்று மரை அரைகுறையாக நிற்கும். பம்ப் ஒழுகும்.

பெங்களூர் கம்பெனி அதை ஏற்கெனவே இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தது. ஒரு இடத்தில் டூல் அடியில் மோதி உடைந்தது. இன்னொரு இடத்தில் மில்லிமீட்டர் மரைக்கு உள்ள டூலால் போட்டுவிட்டார்கள். அதன் முனை அறுபது டிகிரி. பழைய இஞ்சு மரை ஐம்பத்தைந்து. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பம்ப்புக்குத் தெரியும்.

அப்புறம்தான் ஆறு வார்ப்பு சாம்பிளுக்கு என்று எங்களிடம் வந்தது. குணாவின் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குக் கீழே.

கடன் தராத சாமான்

எங்க ஊர்த் தங்க மைன் மூடினபோது எங்க வீட்டுக்காரர் கையில் கிடைத்ததை வைத்து ஒரு பழைய லேத் வாங்கினார். ஊரிகத்தில், மைன் ஆட்களுக்குக் கட்டின எங்கள் லைன் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் நிறுத்தினார். அவர் சுரங்கத்துக்குக் கீழே வேலை செய்த ஆள். நடந்துகொண்டே இருந்த கால். லேத் முன்னால் ஒரே இடத்தில் நிற்க அவரால் முடியவில்லை. ஆறு மாதம் பார்த்தார். காலை ரயிலைப் பிடித்து பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார். லேத்தின் மேல் கோணி விழுந்தது.

கோணியை எடுத்தது நான். நான் அஞ்சாவது வரை படித்தவள். லேத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

வெளி வேலை சீக்கிரம் வந்தது. கெடுத்துக் கெடுத்து வந்தது. உள் மரைக்குத்தான் டூல் இல்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பட்டறை. அங்கே ஒரு டர்னர். அவரிடம் போய் ஒரு நாளைக்கு டூல் கேட்டேன்.

அவர் மேஜை டிராயரைப் பூட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"உங்க புடவையை அடுத்த வூட்டுக்குக் குடுப்பீங்களாம்மா?"

"நல்ல காரியத்துக்குன்னா குடுப்பேன்."

"எம்மா, வாய் கீது உங்களுக்கு. டூல் கெடையாது."

அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை. லேத் வேலையில் அது வழக்கம். ஸ்பேனர் கேட்டால் தருவார்கள். சுத்தியல் தருவார்கள். தான் சாணை பிடித்த டூலைத் தர மாட்டார்கள். ஒரு கை பிடித்த டூல் இன்னொரு கைக்கு உட்காராது. உடைந்துதான் திரும்பி வரும்.

என் டிராயருக்கும் இன்று பூட்டு இருக்கிறது.

ட்ரில் ராடு

எங்கள் லைனில் ட்ரில் ராடு இல்லாத வீடு கிடையாது. பாறையைத் துளைக்கிற கம்பி. ஆறு பட்டை. நடுவில் நீளத்துக்கும் ஒரு ஓட்டை ஓடும். பாறைத் தூசி எழாமல் இருக்க அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் விடுவார்கள். மைன் மூடின பிறகு அந்தக் கம்பிகள் துணி காயப்போடுகிற கம்பமாயிற்று. கதவுக்கு அண்டக் கொடுக்கிற தடியாயிற்று.

எங்கள் வீட்டில் ஆடு கட்டுகிற முளையாக இருந்தது. ஆட்டை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு முளையைப் பிடுங்கினேன்.

ஏன் அது என்றால், உள் வேலைக்குப் பார் விறைப்பாக இருக்கணும். மெல்லிய பாரை ஓட்டைக்குள் விட்டால் அது வளையும். வளைந்தால் கத்தும். கத்தினால் மரை அலை அலையாக வரும். ஓட்டை எவ்வளவு பெரிசோ, அதில் நுழைகிற அளவுக்குத் தடியாக, எவ்வளவு குட்டையாக நீட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக. பாறையையே குத்தின இரும்பு கன்மெட்டலுக்கா வளையப் போகிறது?

அறுக்க மூன்று பிளேடு போச்சு. முக்கால் இஞ்சுக்குக் கடைந்தேன். நுனியில் கால் இஞ்சு பிட் நுழைய ஒரு சதுர ஓட்டை. நேராக இல்லை, முன்பக்கம் சாய்த்து. அப்போதுதான் பாரை விட பிட் முன்னால் நிற்கும், அடிவரை தொடும்.

பிட்டை எப்படி இறுக்குவது? முன்பக்கம் ஸ்க்ரூ வைத்தால் அது நீட்டிக்கொண்டு அடியில் முட்டும். இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் கழுவும்போது குழாயைப் பார்த்தேன். எழுந்து போய் பாரின் நடுவே ஓடுகிற அந்தத் தண்ணீர் ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டேன். பின்பக்கத்தில் மரை போட்டு ஒரு போல்ட். போல்ட்டைத் திருகினால் அது கம்பியைத் தள்ளும். கம்பி போய்ப் பிட்டை அழுத்திப் பிடிக்கும். முன்னால் ஒன்றும் நீட்டாது.

இதை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

பிட்டைச் சாணை பிடிப்பதற்கும் ஒரு வார்த்தை. வெளி டூலுக்கு அடிப்பக்கம் நேராக இருந்தால் போதும். உள் டூலுக்குப் போதாது. ஓட்டையின் சுவர் கீழே வளைந்து வருகிறது இல்லையா, அது டூலின் வயிற்றில் உரசும். முனை வெட்டவே வெட்டாது. அதனால் வயிற்றை உள்வாங்கி எடுக்கணும். ரொம்ப எடுத்தால் முனை பலம் இழந்து பொரிந்துவிடும். அதற்கு அளவு கிடையாது. கல்லில் வைக்கும்போது கை நிறுத்துகிற இடம்தான் அளவு.

இடது கால்

அடைத்த ஓட்டையில் எல்லாரும் வாயிலிருந்து அடிக்குப் போவார்கள். அடி வந்ததும் சட்டென்று விலக்கணும். ஒரு கண் சிமிட்டல் தாமதித்தால் மோதும். டூல் போகும், பீஸ் போகும்.

நான் அடியிலிருந்து வாய்க்கு வருவேன். முதலில் அடியில் ஒரு பள்ளம் வெட்டிக்கொள்வேன். டூல் அந்தப் பள்ளத்தில் போய் நிற்கும். சக்கை ரிவர்ஸில் சுற்றவிட்டு, டூல் முனையை எதிர்ப்பக்கச் சுவருக்குத் திருப்பி வைத்தால், மரையை வெட்டிக்கொண்டே வெளியே வந்துவிடும். மோத அங்கே ஒன்றும் இல்லை.

இதற்கும் ஒரு கூலி கொடுத்தேன். பழைய லேத்தில் சக்கை மரை வைத்துத்தான் மாட்டியிருப்பார்கள். நேராகச் சுற்றினால் வேலை செய்யச் செய்ய இறுகும். ரிவர்ஸில் வெட்டினால் கழலும். அது எனக்குத் தெரியாது. முதல் தரம் செய்தபோது சக் கழன்று, லேத்தின் அடித்தளமான பெட் மேல் அடித்து, என் இடது காலில் விழுந்தது. கட்டை விரலில் இன்றுவரை நகம் வளரவில்லை.

காயம் ஆறுகிறவரை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கிளாம்ப் ராவினேன். சக்கின் பின்தட்டில் மாட்டி, சுற்றுகிற தண்டான ஸ்பிண்டிலின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகு கழலவில்லை.

ஒரு ஆணி காலி

அப்பா மைனில் பாறை துளைக்கிற ட்ரில்லர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். நானும் அப்படித்தான் என்பார்கள்.

கீழே இறங்குகிறவர்களுக்கு எல்லாம் பித்தளை டோக்கன் உண்டு. நம்பர் வெட்டியிருக்கும். இறங்கும்போது பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போகணும். ஏறி வந்ததும் திரும்ப மாட்டணும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம்.

நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயசு. ஒருவருக்கு வெளியூரில் தங்கச்சி கல்யாணம். லீவு கிடைக்கவில்லை. தன் டோக்கனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆள் தன் ஷிஃப்ட் முடித்துத் தன் டோக்கனை மாட்டிவிட்டு, இவர் டோக்கனில் மறுபடி இறங்கினார். பெண்டாட்டியிடம் டபுள் ஷிஃப்ட் என்று சொல்லியிருந்தார்.

கீழே பாறை வெடித்தது.

பலகையைப் பார்த்தார்கள். ஆணி காலி. நம்பரைப் பார்த்து வீட்டைத் தேடிப் போனார்கள். கல்யாணத்துக்குப் போனவரின் பெண்டாட்டி மாசமாக இருந்ததால் ஊரிலேயே இருந்துவிட்டாள்.  டோக்கன் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார் என்றே நினைத்து அழுதாள். லைனே அங்கே கூடிவிட்டது.

மறுநாள் காலை குழாயடியில் நான் தண்ணீருக்கு நின்றேன். எனக்கு முன்னால் இன்னொரு அம்மா. குடத்தைத் தள்ளி வைத்தார்கள் என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அழுகிற வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன், தலை வலிக்கிறது என்றாள். அவள் புருஷன்தான் கீழே போனவர். அவர் டோக்கன் பலகையில் தொங்கியதால், மேலே மீட்பு வேலைக்கு நின்றிருப்பார் என்று நினைத்திருந்தாள். அதுவரை அவள் வாசலுக்கு ஒருத்தரும் போகவில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் போனவர் மத்தியானம் மஞ்சள் கறை வேட்டியோடு வந்து இறங்கினார். அப்போதுதான் செத்தவர் யார் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னது ஒரே வரி. "யாரா இருந்தாலும் தன் டோக்கன்ல எறங்கணும்."

பேச்சு அவருக்கு, வேலை எனக்கு

லேத் தொடங்கின புதிதில் பூதிகோட்டையிலிருந்து ஒரு விவசாயி டிராக்டர் புஷ் கொண்டுவந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆள் இல்லியா?"

"ஆள்தான் நிக்கிறேன்."

புஷ்ஷைத் துண்டில் மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் குணா யோசனை சொன்னார். அவர் என் வீட்டுக்காரரின் தம்பி. தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஒரு பேரிங் கடையில் வேலை பார்ப்பவர். தமிழ், கன்னடம், தெலுங்கு, கொஞ்சம் இங்கிலீஷ், எல்லாவற்றிலும் சிரிக்க வைப்பார். "நான் வேலை பிடிச்சுனு வர்றேன் அண்ணி. நீங்க செய்ங்க. பேச்சு எனக்கு, வேலை உங்களுக்கு" என்றார். சரி என்றேன். அன்றைக்கு அது சரிதான்.

பீஸ் யார் செய்தது என்று தெரிய அதில் ஒரு எழுத்து அடிக்கணும். இரும்பில் பதிக்கிற இங்கிலீஷ் எழுத்து பஞ்ச் ஒரு பெட்டி குணா வாங்கி வந்தார். 'ஜி' எழுத்து அடித்தோம். குணாவின் எழுத்து. அடித்தது நான். பதினாலு வருஷம் அடித்தேன். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் 'ஜி' பஞ்ச்சின் தலை காளான் மாதிரி விரிந்து கிடக்கும். மற்ற இருபத்தைந்தும் எண்ணெய்ப் பிசுக்கோடு புதுசாக இருக்கும்.

அடுத்தவர் டோக்கனில் பதினாலு வருஷம் இறங்கினேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்த மூடி வேலையில்தான் கம்பெனி புதிதாக ஒரு கார்டு போடுகிறோம் என்றது. வேலை செய்கிற ஆளை மிஷின் முன்னால் வந்து பார்ப்பார்கள். அவர் பெயரை எழுதுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆளின் எழுத்து இருக்கிற பீஸை மட்டும்தான் எடுப்பார்கள். ஒரு தரம் எழுதினால் எழுதினதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, கறி வெந்துகொண்டிருந்த நேரத்தில் குணாவிடம் கேட்டேன்.

"இந்தத் தடவை கார்டுல என் பேரைப் போடுங்க தம்பி."

"போடலாம் அண்ணி. அவங்க இன்னா நெனைப்பாங்க? வூட்டுல ஒரு அம்மா லேத் ஓட்டுதுன்னா பீஸைத் தொடவே மாட்டாங்க."

"பதினாலு வருஷமா தொட்டாங்களே."

"அது ஜி-ன்னு தொட்டாங்க."

எங்க வீட்டுக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "லேத்து யாருதுடா?"

"உன்னுதுதான்."

"எனக்கு மரை போடத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நான் வாயை மூடிக்கிறேன்."

அது யாருக்குச் சொன்னது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. குணா மட்டும், "மொதல்ல வந்து பாத்துட்டுப் போவட்டும் அண்ணி, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். நான் பதில் பேசவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று பாக்கி

ஆக, அந்த மத்தியானம்.

"நானே சார். அண்ணி ஹேண்டில் சுத்துவாங்க."

ஆறில் ஐந்து மூடி முடிந்து தட்டில் இருந்தது. ஆறாவது சக்கில் இருந்தது. ஓட்டை போட்டு, அடியில் பள்ளம் வெட்டி, மரைக்குத் தயார்.

நான் பாரின் பின்பக்கத்து போல்ட்டைத் தளர்த்தினேன். பிட்டை உருவினேன். கிரைண்டரைப் போட்டேன். முனையைக் கல்லில் நேராக வைத்து அழுத்தினேன். நாலு நொடி. முனை போய்விட்டது. மொட்டையாகிவிட்டது.

தண்ணீரில் தோய்த்து, துடைத்து, குணாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"சாணை புடிச்சுக் குடுங்க தம்பி. இன்னும் ஒண்ணு பாக்கி கீது."

"அண்ணி. இன்னா இது."

"டூல் மழுங்கிடுச்சு. நீங்கதானே செட்டிங்."

இன்ஸ்பெக்‌ஷன்காரர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடவில்லை.

குணா சிரிக்கப் பார்த்தார். "கண்ணாடி எடுத்துனு வரல."

என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். கிரைண்டர் முன்னால் போய் நின்றார். நெருப்பு பறந்தது. வெளி டூல் பிடிக்கிற மாதிரியே பிடித்தார். அடிப்பக்கம் நேராக. வயிறு அப்படியே இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. வெளி வேலை அவருக்கு நன்றாக வரும். அதனால்தான் தெரிந்தது.

கிரைண்டரை அவரே அணைத்தார். கல் நிற்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியையும் பிட்டையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வராது சார்" என்றார். தமிழில்தான் சொன்னார். "அண்ணிதான்."

நான் பிடித்தேன். அவசரப்படவில்லை. முதலில் இரண்டு சரிவு. தகட்டில் நானே வெட்டி வைத்த கேஜில் முனையை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இடது பக்கம் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. ஒரு தொடு. வெளிச்சம் போச்சு. அப்புறம் வயிறு. எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு.

பிட்டை மாட்டி, போல்ட்டை இறுக்கி, சக்கை ரிவர்ஸில் போட்டேன். இன்ஸ்பெக்‌ஷன்காரர் ஒரு அடி பின்னால் போனார். அவரும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"ரிவர்ஸா? சக் கழலும்மா."

"கழண்டுச்சு. ஒரு தரம்."

கிளாம்ப்பைக் காட்டினேன். பிறகு செருப்பிலிருந்து இடது காலை எடுத்துக் காட்டினேன். பார்த்தார். மறுபடி பழைய இடத்துக்கு வந்து நின்றார்.

பன்னிரண்டு தரம் உள்ளே விட்டு வெளியே எடுத்தேன். கத்தவில்லை. மெல்லிய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஸ்பெக்‌ஷன்காரர் தன் பையிலிருந்து போல்ட் மாதிரியான மரை கேஜை எடுத்து விரல் நுனியால் திருகினார். அடிவரைக்கும் போச்சு. அடியில் போய்த் தட்டி நின்றது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை வருஷமா செய்றீங்க?"

"பதினாலு."

"இவரு?"

"அவர் பேசுவார். நல்லா பேசுவார். அது எனக்கு வராது."

குணா தரையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்‌ஷன்காரர் தாளைத் திருப்பிக் காட்டினார். குணாவின் பெயரைப் பாதி எழுதியிருந்தார். "இவர் பேர்லயே மேலே ஓகே வாங்கிட்டுத்தான் வந்தேன்மா. மாத்தினா திரும்ப மேலே போய்க் கேக்கணும். லேட் ஆகலாம். வேற எடத்துக்கும் போயிடலாம். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சிட்டேன்."

"வேலை போச்சுன்னா?"

"போவட்டும். ஜி அடிக்க மாட்டேன்."

பஞ்ச் பெட்டியைத் திறந்தேன். என் பெயர் செல்வி. 'எஸ்' பஞ்ச்சை எடுத்து முந்தானையில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். ஆறு மூடியையும் வரிசையாக வைத்து அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி. கை ஜி-க்குப் பழகினது. முதல் எழுத்து கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. அப்படியே விட்டேன்.

இன்ஸ்பெக்‌ஷன்காரர் பேனாவை மூடினார். ஆறையும் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு

இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. குணாவும் வரவில்லை. அந்தத் தெருவில் வந்தாலும் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். நான் சைக்கிள் ஆக்ஸிலும் மோட்டார் புஷ்ஷும் போட்டேன். உள் மரை ஒன்றும் இல்லை. எங்க வீட்டுக்காரர் ஒரு தரம் கேட்டார். "நான் அன்னிக்கு சொன்னது தப்பா பூடுச்சா?" இல்லை என்றேன். 

ஒரு காலை குணா சாப்பாட்டுப் பையோடு வந்தார். மேஜையில் வைத்தார். உள்ளே பன்னிரண்டு வார்ப்பு. கூடவே ஒரு கார்டு. என் பெயர் போட்டிருந்தது. மொத்தம் இருபத்து நாலு பீஸ் என்றும், பாதியை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். ஒரு அம்மா கையில் எல்லாவற்றையும் கொடுக்க மேலே ஒருத்தர் பயந்தாராம்.

"சரி" என்றேன்.

"கோவமா அண்ணி?"

"பன்னெண்டு வந்திருக்குது. பாதிதான். அந்தப் பாதி என்னுது."

அவர் மேஜைப் பக்கம் போனார். பஞ்ச் பெட்டியை எடுத்துப் பார்த்தார். விரிந்துபோன ஜி-யைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதன் இடத்தில் வைத்தார். சமாதானத்துக்கு என்று ஒன்று சொன்னார்.

"உங்க அப்பா நம்பரை அடிங்களேன் அண்ணி. அவர் டோக்கன் நம்பர். பெரியவர் பேரும் நிக்கும்."

"அது அவர் எறங்கின டோக்கன்" என்றேன்.

கன்மெட்டலை சக்கில் மாட்டினேன். கிளாம்ப்பை இறுக்கினேன். டிராயர் பூட்டைத் திறந்து என் டூலை எடுத்தேன்.